தீவில் ஓர் அறை: பம்பாயில் நம் மக்கள் இடம் தேடிய வரலாறு



ஆண்டுதோறும் டிசம்பர் முதல் வாரத்தில் மும்பை தாதரின் சிவாஜி பார்க் மைதானத்தில் பல லட்சம் பேர் வந்து தங்குகிறார்கள். விதர்ப்பாவிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். கையில் துணிமூட்டை, தோளில் குழந்தை. பந்தலுக்குள் இடம் கிடைத்தால் அங்கே படுக்கிறார்கள், இல்லாவிட்டால் நடைபாதையில். 1956 டிசம்பர் 7 அன்று பாபாசாகேப் அம்பேத்கரின் உடல் எரியூட்டப்பட்ட கடற்கரை பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, புத்தகக் கடைகளில் நூல்களை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். இந்தியாவில் நிலத்தின் விலை மிக அதிகமான ஊர்களில் ஒன்று அது. அதன் நடுவில், கடலோரத்தில், நம் மக்கள் வாடகை இல்லாமல், சாதி சொல்லாமல் படுத்து எழும் இரவுகள் ஆண்டுக்கு இரண்டு மூன்று உண்டு. மற்ற இரவுகளில் அந்தத் தீவில் அவர்களுக்கு எங்கே இடம் கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்பதையே அண்ணலின் நினைவுநாளான இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

'தீவு' என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. பம்பாய் முதலில் ஏழு தீவுகள். கொலாபாவும் மாஹிமும் ஒர்லியும் பரேலும் தனித்தனியே கடலுக்குள் கிடந்தவை. 1661இல் போர்ச்சுகல் அரசகுமாரியின் சீதனமாக அது ஆங்கில மன்னருக்குப் போனது. 1668இல் மன்னர் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார். வாடகை ஆண்டுக்குப் பத்து பவுன். அந்த ஊரின் வாடகைக் கதையே அங்குதான் தொடங்குகிறது. ஒரு தீவு முழுவதும் பத்து பவுனுக்குப் போன இடத்தில், இருநூறு ஆண்டுகள் கழித்து வந்த தீண்டப்படாத கூலிக்காரருக்குப் பத்தடிக்குப் பத்தடி அறை கிடைக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பஞ்சாலைகளும் கப்பல்துறையும் ரயில்வேயும் கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் ஆட்களை இழுத்தன. ரத்னகிரி, சதாரா மாவட்டங்களின் மகர் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். வந்தவர்கள் ஒதுங்கிய இடம் 'சால்'. வரிசையாக ஒற்றை அறைகள், முன்னால் எல்லாருக்கும் பொதுவான தாழ்வாரம், கோடியில் பொதுக் குழாயும் கழிப்பறையும். ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். இரவு ஷிப்டு போனவர் திரும்பிய பிறகே பகல் ஷிப்டுக்காரரின் பாய் அவருக்குக் கிடைக்கும். அதிலும் மகர், மாங், சாம்பார் மக்களுக்குச் சாதி இந்துக்களின் சாலில் அறை கிடைக்காது. தகரத்தையும் தென்னங்கீற்றையும் வைத்துத் தனியே குடிசை போட்டுக்கொண்டவர்களே மிகுதி.

1896இல் பிளேக் வந்தது. அதன் பிறகே சர்க்காருக்கு ஏழைகளின் அறை கண்ணில் பட்டது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தார்கள். நெருக்கடியான தெருக்களை இடித்து அகலச் சாலைகள் போட்டார்கள். இடித்த அறைகளுக்கு ஈடாகக் கட்டவில்லை. கட்டிய கொஞ்சத்தில் ஒன்றுதான் பரேலின் டிரஸ்ட் சால். அதன் இரண்டாவது மாடியில் இரண்டு சிறிய அறைகளில் அம்பேத்கரின் குடும்பம் ஏறக்குறைய 22 ஆண்டுகள் வாழ்ந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்றவர், சட்டமன்ற உறுப்பினர், வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், இத்தனையாகவும் இருந்துகொண்டு தாழ்வாரக் குழாயில் தண்ணீர் பிடித்த வீட்டில் இருந்தார். 1930களின் தொடக்கத்தில் தாதரில் 'ராஜகிருகம்' கட்டி முடிந்த பிறகே அவருடைய புத்தகங்களுக்கும் அவருக்கும் இடம் கிடைத்தது. புத்தகங்களுக்காகவே வீடு கட்டினார் என்று சொல்வதுண்டு. அது உண்மைதான். இரண்டு அறைச் சாலில் புத்தகத்தையும் குடும்பத்தையும் சேர்த்து வைத்தவருக்கே அதன் அவசியம் தெரிந்திருக்கும்.

வாடகை கொடுக்கப் பணம் இருந்தும் இடம் கிடைக்காமல் போவது எப்படி என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போனார். இந்து விடுதியில் சேர்க்கமாட்டார்கள். ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளச் சம்மதித்துத் தங்கினார். சாப்பாட்டோடு நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு பார்சிகள் ஒரு டஜன் பேர் வந்து வாசலில் நின்றார்கள். மாலைக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள். இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இருவரும் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். ஒன்றரை ரூபாய் அவருக்குக் கட்டுப்படியாகாத விலை அல்ல. 'கட்டுப்படியாகும் வீடு' என்று இன்று அரசுகளும் கட்டுமானக் கம்பெனிகளும் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்தப் பூங்கா பெஞ்சு நினைவுக்கு வருகிறது.

பணத்தின் கணக்கிலும் சாதி இருந்தது. பம்பாய் ஆலைகளில் கூலி அதிகம் கிடைத்த பிரிவு நெசவு. அங்கே நூல் அறுந்தால் நாடாவின் துளையில் வாயை வைத்து உறிஞ்சி இழை கோர்க்க வேண்டும். தீண்டப்படாதவரின் எச்சில் பட்ட நாடாவை மற்றவர் தொடமாட்டார்கள் என்பதால் நெசவுப் பிரிவின் கதவு நம்மவர்களுக்கு மூடியிருந்தது. 1928 பெரிய வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் முகத்துக்கு நேரே கேட்டார். நூற்புப் பிரிவின் குறைந்த கூலியில் நல்ல சாலுக்கு வாடகை கட்ட முடியாது. நல்ல சாலில் நம்மவர்க்கு அறையும் இல்லை. எந்தக் கதவு முதலில் மூடியது என்று பிரித்துச் சொல்வதற்கில்லை.

அதே காலத்தில் மற்றவர்கள் எப்படி இடம் தேடிக்கொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1915இல் காம்தேவியில் சாரஸ்வத பிராமணர்கள் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் வீட்டுவசதிச் சங்கங்களில் அது ஒன்று. டிரஸ்ட் திட்டமிட்ட தாதர், மாதுங்கா மனைகளில் இந்து காலனி, பார்சி காலனி என்று பெயர் வைத்தே குடியேறினார்கள். மாதுங்காவில் தென்னிந்திய மேல்சாதி குமாஸ்தாக்களும் அதிகாரிகளும் பிளாட்டுகளில் அமர்ந்தார்கள், கோயிலும் காபி கிளப்பும் அமைத்துக்கொண்டார்கள். கூட்டுறவு என்பது நல்ல கருத்துதான். ஆனால் யாரோடு கூடுவது என்பதைச் சாதி முடிவு செய்தது. 2005இல் அகமதாபாத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், தம் சமூகத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற துணைவிதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 'சைவம் மட்டும்' என்ற பலகை சென்னையில் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

முதல் உலகப் போருக்குப் பிறகு அறைப் பஞ்சம் முற்றியது. 1920இல் பம்பாய் மாகாண அரசு வளர்ச்சித் துறை ஒன்றைத் தொடங்கியது. அந்தத் துறைக்கு இரண்டு வேலைகள். ஒன்று, தொழிலாளருக்குச் சால் கட்டுவது. மற்றது, பேக் பே என்னும் தென்மேற்குக் கடலைத் தூர்த்து நிலமாக்குவது. சால்கள் 207 எழுந்தன. ஒர்லியில் 121, நாய்காமில் 42, டிலைல் ரோடில் 32, சிவ்ரியில் 12. எல்லாம் கான்கிரீட் பெட்டிகள், தரையோடு நான்கு அடுக்கு, அறைக்கு 160 சதுர அடி. பல கட்டடங்கள் முதலில் ஆளில்லாமல் கிடந்தன. ஆலைக்குத் தூரம், வாடகை கூடுதல். சட்டமறுப்பு இயக்கக் காலத்தில் ஒர்லி சால்களில் சிலவற்றைத் தற்காலிகச் சிறையாக்கினார்கள். சிறைக்கும் பொருந்திய கட்டடத்தைத்தான் தொழிலாளருக்கு வீடு என்று கட்டியிருந்தார்கள். பிறகு மெல்ல நிரம்பின. நிரம்பியபோது சாதிவாரியாக நிரம்பின. இந்த எண் சால் மராட்டர், இந்த எண் சால் பௌத்தர் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதன் விளைவை 1974இல் பார்த்தோம். 1972 மே மாதம் தொடங்கிய தலித் பேந்தர்ஸ் இயக்கம் 1974 ஜனவரி 5 அன்று ஒர்லி சால் மைதானத்தில் பொதுக்கூட்டம் நடத்தியது. கல்வீச்சு, தடியடி, கலவரம். போலீஸ்காரர்களும் அதே சால்களில் குடியிருந்தவர்கள். எந்தப் பக்கம் நின்றார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. ஜனவரி 10 அன்று போன ஊர்வலத்தின் மீது மாடியிலிருந்து அம்மிக்கல்லைப் போட்டார்கள். பகவத் ஜாதவ் என்ற பேந்தர் இளைஞர் உயிரிழந்தார். அரசே கட்டி, அரசே வாடகை வாங்கிய வீடுகளின் முற்றத்தில் ஊரும் சேரியும் எதிரெதிராக நின்ற கதை அது.

மராத்தி தலித் இலக்கியம் பிறந்ததும் இந்த இடப்பஞ்சத்தில்தான். பாபுராவ் பாகுல் மாதுங்கா லேபர் கேம்பில் வளர்ந்தவர். 1963இல் வந்த அவருடைய முதல் தொகுப்பின் தலைப்புக் கதையே, வேலைக்குப் போன ஊரில் அறைக்காகச் சாதியை மறைத்தவனின் கதை. தெரிந்ததும் அடிக்கிறார்கள். பரோடாவின் பார்சி விடுதியும் அந்தக் கதையின் அறையும் பக்கத்துப் பக்கத்து அறைகள் என்றே நமக்குத் தோன்றும்.

இனித் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைப் பற்றி நம் கூட்டங்களில் போதுமான அளவு பேசுவதில்லை. தீவில் தலித் குடும்பத்துக்கு எளிதாகக் கிடைத்த ஒரே வீடு, மாநகராட்சி தன் துப்புரவுத் தொழிலாளருக்குக் கொடுத்த வீடு. தெற்கு பம்பாயின் விலையுயர்ந்த பகுதிகளிலும் அந்தச் சிறு அறைகள் உண்டு. ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். சாவு வந்தாலும் காலி செய்ய வேண்டும். வாரிசு வேலை என்ற ஏற்பாடு இருக்கிறது. மகனோ மகளோ அதே வேலைக்கு வந்தால் வீடும் தொடரும். மேல்போக்காகப் பார்த்தால் சலுகை. உள்ளே போய்ப் பார்த்தால், பி.காம். படித்த மகன் அப்பா வைத்துவிட்டுப் போன துடைப்பத்தை எடுக்கிறான். எடுக்காவிட்டால் அம்மாவும் தங்கையும் தெருவில். சாதித் தொழிலை விட்டு வெளியேறு என்று பாபாசாகேப் சொன்னார். வெளியேறினால் வீட்டை விட்டும் வெளியேறு என்கிறது வாடகைச் சீட்டு. ஊரில் பண்ணையாரின் நத்தம் மனையில் குடிசை போட்டுக்கொண்டு, அந்த மனைக்காகவே அவர் வயலில் கிடந்த நம் பாட்டன்மார்களின் நிலையிலிருந்து இது எவ்வளவு தூரம் விலகியது? மாணவர்கள் யாராவது இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, டிரஸ்டும் இல்லை, வளர்ச்சித் துறையும் இல்லை, மாநகராட்சி வேலையும் இல்லை என்றவர்கள் எங்கே போனார்கள்? தாராவிக்குப் போனார்கள். 'காலா' படத்தில் நீங்கள் பார்த்த தாராவிக்கு முன்னால் வேறொரு தாராவி இருந்தது. மாஹிம் உப்பங்கழியின் ஓரத்துச் சதுப்பு. கோலி மீனவர்களின் ஒரு கிராமம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், பக்கத்துப் பாந்த்ரா கசாப்புக் கூடத்தின் தோலை நம்பித் தோல் ஷாப்புகள் வந்தன. நாற்றமுள்ள தொழிலை ஊருக்கு வெளியே தள்ளும் பழக்கம் ஆங்கிலேயருக்கும் நம் சாதி இந்துக்களுக்கும் பொதுவானது. தோல் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் போனார்கள். பின்னால் உறவினர், ஊர்க்காரர் என்று ரயிலேறிப் போனவர்களுக்குக் கணக்கில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாதுங்காவின் தமிழர், இந்தப் பக்கம் தாராவியின் தமிழர். 1960களில் சிவசேனை 'மதராசிகளே வெளியேறுங்கள்' என்று கிளம்பியபோது இருவரும் ஒன்றாகத் திட்டு வாங்கினார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அந்தச் சதுப்பை நிலமாக்கியவர்கள் குடியேறியவர்களே. நகரம் எறிந்த குப்பை, இடிந்த கட்டடங்களின் செங்கல், தென்னைமட்டை, மண் என்று கொட்டிக் கொட்டி, மழைக்கு ஒருமுறை அது அமிழ, மறுபடி கொட்டி, காலால் மிதித்து மேடாக்கினார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வளர்ச்சித் துறை பேக் பேயில் கடலைத் தூர்த்தது. அதில் பெரும் நஷ்டமும் ஊழல் புகாரும் வந்தன. ஆனாலும் அதற்குப் பெயர் 'நில மீட்பு'. அந்த நிலத்தில்தான் மரீன் டிரைவின் மாடிவீடுகள் நிற்கின்றன. தாராவியில் நம் மக்கள் ஒரு பைசா அரசுச் செலவில்லாமல் உப்பங்கழியைத் தூர்த்தார்கள். அதற்குப் பெயர் 'ஆக்கிரமிப்பு'. பம்பாயில் ஏழைகளுக்கு மலிவான இடம் என்று ஒன்று ஒருபோதும் கிடைத்ததில்லை. இடமே இல்லாத இடத்தில் அவர்களே அதை உண்டாக்கினார்கள். உண்டாக்கி முடித்ததும் அது நகரத்துக்கு நடுவில் வந்துவிட்டது, விலை ஏறிவிட்டது, அவர்கள் அந்நியராகிவிட்டார்கள்.

ஜனதா காலனியின் கதையும் இதுதான். நகர மையத்தின் குடிசைகளைக் காலிசெய்து, வடகிழக்கே மான்குர்த்தில் கொண்டுபோய் அரசே குடியமர்த்திய இடம் அது. தமிழர்கள் ஏராளம். பக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம் வளர்ந்தது, இடம் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலில் பிறந்து 1963இல் பம்பாய்க்கு வந்த ஜோக்கின் அற்புதம் அங்கேதான் தலைவரானார். குப்பை அள்ள ஆள் வராதபோது, குழந்தைகளைத் திரட்டி ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் கையில் கொடுத்து நகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொட்ட வைத்தவர் அவர். நீதிமன்றம், டில்லி என்று அலைந்தும் நெருக்கடிநிலை வந்துவிட்டது. 1976 மே மாதம் சுமார் 70,000 பேரின் வீடுகளை இடித்தார்கள். லாரியில் ஏற்றி இன்னும் தள்ளி, கழியோரச் சேற்றில் இறக்கினார்கள். அதுதான் சீத்தா கேம்ப். மறுபடியும் தூர்க்கும் வேலை.

1981 ஜூலையில் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே, நடைபாதைவாசிகளைப் பிடித்துச் சொந்த ஊருக்கு அனுப்ப உத்தரவிட்டார். அதை எதிர்த்த வழக்கே ஓல்கா டெல்லிஸ் வழக்கு. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள். வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985இல் வந்த தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்வார்கள். தீர்ப்பின் முதல் பக்கங்களையும் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து 1961இல் வறட்சிக்குத் தப்பிப் போன நிலமற்ற கூலி விவசாயி. தகிசர் பக்கத்து ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. மேற்கு நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கட்டிய ஒரு மறைப்புக்காக உள்ளூர் தாதா ஒருவன் அவரிடம் பிடுங்கிய தொகை 2,500 ரூபாய். நூற்றெட்டு நாள் கூலிக்கும் மேல், ஒரு பிளாஸ்டிக் தாளுக்கு. மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் அதற்குள். நடைபாதையில் இருப்பவர் இலவசமாக இருக்கிறார் என்று யார் சொன்னது? மற்றும் சில மனுதாரர்கள் இருந்த குடிசைப் பகுதிக்குப் பெயர் காமராஜ் நகர். உரிமையை அழகாக எழுதிய அதே தீர்ப்பு, முன்னறிவிப்புக் கொடுத்து இடிக்கலாம் என்றும் எழுதியது. மழைக்காலம் முடியும்வரை பொறுக்கச் சொன்னது.

அதற்கிடையில் 1982 ஜனவரியில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலைகள் மீளவில்லை. தீவின் நடுவில் சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம் வெறுமையானது. 1991 விதி நியாயமாகத்தான் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு நகரத்தின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு மலிவு வீடுகளுக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001இல் ஒரு திருத்தம் போட்டார்கள்: கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டுமே பங்கு. ஆலையில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்? 2006இல் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்றது. இன்று அங்கே மால்களும் கண்ணாடிக் கோபுரங்களும். இந்து மில் நிலத்தில் அண்ணலுக்கு நினைவகம் கட்டுகிறார்கள். சிலை வரட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம்.

1995இலிருந்து குடிசைவாசிக்கு இலவச வீடு என்ற திட்டம் நடக்கிறது. தனியார் கம்பெனி குடிசை நிலத்தில் பாதியில் அடுக்குமாடி கட்டி இவர்களை ஏற்றிவிட்டு, மீதியில் விலைக்கு விற்கும். முதலில் 225 சதுர அடி, பிறகு 269, பிறகு 300. இன்ன தேதிக்கு முன் குடியிருந்ததற்குக் காகிதம் வேண்டும். ஒர்லியின் பழைய சால்களையும் இடித்துக் கட்டுகிறார்கள். அரசின் வாடகைச் சீட்டு இருந்ததால் அவர்களுக்கு 500 சதுர அடி. தாராவிக்கு 350. அதானி குழுமம் 2022இல் 5,069 கோடிக்கு ஏலம் எடுத்த திட்டம் அது. 2000ஆம் ஆண்டுக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கே தாராவிக்குள் இலவச வீடு. ஏணி வைத்து ஏறும் மாடியறையில் வாடகைக்கு இருப்பவர், பின்னால் வந்தவர் எல்லாருக்கும் தாராவிக்கு வெளியே. வாடகைக்கு இருப்போரில் நம் ஊர்களிலிருந்து கடைசியாகப் போன பிள்ளைகளே அதிகம். தையல் மெஷினுக்கு அடியில் படுப்பவர்கள், இட்லி அவித்துத் தலையில் சுமந்து விற்பவர்கள்.

வெளியே என்றால் எங்கே? உப்பளங்களையும், தேவனார் குப்பைமேட்டில் சுமார் 124 ஏக்கரையும் ஒதுக்கியிருக்கிறார்கள். நகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாகக் குவிந்து, அவ்வப்போது தானே தீப்பற்றிப் புகையும் மேடு அது. சீத்தா கேம்பிலிருந்து அதிக தூரமில்லை. 1976இல் லாரியில் இறக்கப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இப்போது இரண்டாவது மாடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.